டவுன்ல பெரியப்பா கடைய மூடப் போறாரு, அத வச்சு என்ன பண்ணலாம்?

வாகையடிமுக்கு எழுதியது:

ஆனித் தேருக்கு ஊருக்கு வந்தவ இன்னும் பெங்களூர் போகல, லீவ நீட்டிக்கிட்டு திருநெல்வேலி டவுன்லயே கெடக்கேன். காரணம் எங்க பெரியப்பா. ரதவீதிக்குப் பின்னால ஒரு சந்துல அவருக்குப் பலசரக்குக் கடை, கூடவே நாட்டு மருந்துச் சாமானும் உண்டு, எங்க தாத்தா போட்ட கடை. தேரு நிலைக்கு வந்த அன்னிக்கு ராத்திரி சாப்புட்டு கை கழுவிக்கிட்டே சொல்லுதாரு, 'இந்தத் தீவாளி யாவாரத்தோட கடைய எடுத்துருவோம்னு இருக்கேன்'. அவ்ளோதான். பெரியம்மை ஒண்ணும் சொல்லாம அடுத்த தோசைய ஊத்திட்டா.

மறுநாள் நாலு ரதவீதியையும் சும்மா சுத்தி வந்தேன். நான் ஸ்கூல் போகும்போது இருந்த பாத்திரக்கடை இப்ப மொபைல் கவர் கடை, வளையல் கடை இருந்த எடத்துல ஏடிஎம், பேனாவுக்கு நிப்பு மாத்திக் குடுக்குற கடை இருந்த எடத்துல ஷட்டர் மட்டும் இருக்கு. கூட்டம் இல்லாம இல்ல, அல்வா வாங்க வர்ற கூட்டம் சாயங்காலம் அலைமோதுது, ஆனா அவங்க யாரும் சந்துக்குள்ள திரும்ப மாட்டாங்க.

பெரியப்பா பொட்டலம் மடிக்கிறத சின்ன வயசுல இருந்து பாக்கேன், இந்தத் தடவதான் உத்துப் பாத்தேன். பேப்பர ஸ்கேல் வச்சுக் கிழிச்சு ஆணியில குத்தி வச்சிருப்பாரு, ஒண்ண உருவுவாரு, இடது உள்ளங்கையில ஒரு சுத்து, கூம்பு ஆயிரும், கீழ் நுனிய ஒரு முறுக்கு, கடுக தராசுத் தட்டுல இருந்து சாய்ப்பாரு, ஒரு மணி கீழ விழாது, மேல் வாய மடிச்சு உள்ள சொருகிட்டு தலைக்கு மேல தொங்குத செரட்டையில இருந்து நூல இழுத்து மூணு சுத்து, ஒரு சொடுக்கு, நூல் அறுந்துரும். முடிச்சே கிடையாது. வீட்டுக்கு வந்து பிரிச்சா ஒரே இழுப்புல வந்துரும். இத ஃபோன்ல ஸ்லோமோஷன்ல எடுத்துப் பதினஞ்சு தடவ பாத்துட்டேன், எனக்கு இன்னும் வரல.

நான் படிச்சது ஓவியம், பாக்குறது ஆப்ல பட்டன் எங்க இருக்கணும்னு யோசிக்கிற வேலை. இப்ப கையி துறுதுறுங்குது. மூடிக் கெடக்குற ஷட்டர்கள்ல அந்தந்தக் கடையோட பழைய யாவாரத்த பெருசா வரையலாமான்னு ஒரு யோசனை. இல்லன்னா கடக்காரங்க எல்லாரையும் கடை வாசல்ல நிக்க வச்சு போட்டோ எடுத்து ஒரு கண்காட்சி. யாராவது இந்த மாதிரி பண்ணிருக்கீங்களா, எங்கயாவது பாத்திருக்கீங்களா, ஷட்டர்ல வரைய யார்ட்ட கேக்கணும், எந்தப் பெயிண்ட் நிக்கும், எல்லாம் சொல்லுங்க.

தகரபோர்டு எழுதியது:

தங்கச்சி, முதல்ல பெயிண்ட் கேள்விக்குப் பதில் சொல்லிருதேன். எங்க அப்பா போர்டு எழுதுனவரு, நானும் பிரஷ் கழுவி வளந்தவன்தான். ஷட்டர்ல எனாமல் அடிச்சா பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது சுருண்டு சுருண்டு ஏறி இறங்குற தகரம், ஒவ்வொரு மடிப்புலயும் உரசும், வெயில் பாத்த ஷட்டர்னா கேக்கவே வேண்டாம், சீக்கிரமே பொருக்கு பொருக்கா உதிர ஆரம்பிச்சிரும். மூடியே கெடக்குற ஷட்டர்னா நிக்கும். அங்கதான் எனக்கு ஒரு சங்கடம். ஷட்டர்ல வரைஞ்ச படம் கடை மூடி இருந்தாத்தான் தெரியும். நாளைக்கே ஒருத்தன் அந்தக் கடைய வாடகைக்கு எடுத்துத் திறந்தான்னா உங்க படம் மேல போயி ஒளிஞ்சிக்கிடும். அப்போ உங்க படம் நல்லா தெரியணும்னா கடை திறக்கக் கூடாதுன்னுல்லா ஆகுது?

இன்னொரு விஷயம், நீங்க புதுசா வரையணும்னு தேடுதீங்க, வரைஞ்சதே மேல தொங்கிட்டு இருக்கு, அண்ணாந்து பாத்தீங்களா? உங்க பெரியப்பா கடை தாத்தா காலத்து போர்டுன்னா மேல நடுவுல 'காந்திமதி அம்மன் துணை'ன்னோ 'முருகன் துணை'ன்னோ சின்னதா எழுதிருக்கும். அந்த 'ணை' எப்படி இருக்குன்னு பாருங்க. முன்னால ஐகாரக் கொம்பு தனியா நிக்காம, ண-வோட தலைக்கு மேல தும்பிக்கை மாதிரி வளைஞ்சிருந்தா அது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தி கை பழகுன பெயிண்டர் எழுதுனது. எங்க அப்பா 78-க்கு அப்புறமும் ரொம்ப நாள் அப்படித்தான் எழுதுனாரு, கடைக்காரங்க மாத்தச் சொன்னாலும், 'சாமி பேருல கை வைக்காத'ன்னுருவாரு.

போர்டு வேலைன்னா சும்மா இல்ல. தகரத்துக்கு ரெட் ஆக்சைடு அடிச்சுக் காயப்போட்டு, மேல பேஸ் ரெண்டு கோட்டு, அப்புறம் சாக்பீஸ் தேச்ச நூல ஒரு பக்கம் நான் புடிச்சுக்கிடணும் மறுபக்கம் அவரு புடிப்பாரு, நடுவுல ஒரு சுண்டு, கோடு விழுந்துரும். எழுத்த அளக்கவே மாட்டாரு, கடைப் பேர ஒரு தடவ வாய்விட்டுச் சொல்லிப் பாப்பாரு, அவ்வளவுதான் அளவு. தமிழ் பெருசு இங்கிலீஷ் சிறுசு, 5-க்கு 3, வேற பாஷை இருந்தா 2, அது கவர்மெண்டு சொன்ன கணக்கு. 2000-க்கு அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்துச்சு, காலையில ஆர்டர் சாயங்காலம் போர்டு. அப்பா அதுக்கப்புறம் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு மேடைப் பின்னணி, ஆட்டோ பின்னாடி பேரு, பைக் நம்பர் பிளேட்டுன்னு தேஞ்சு தேஞ்சு நின்னுட்டாரு. கடையோட சேந்து காணாம போன கலைன்னு பாத்தா முதல் வரிசையில எங்க வீடுதான் நிக்கும்.

அதனால, ஷட்டர விட்ருங்க. பெரியப்பா கடைய எடுக்குற அன்னிக்கு பழைய இரும்புக்காரன் வர்றதுக்கு முன்னால அந்த போர்ட எறக்கி வீட்டுக்குக் கொண்டு போங்க. தகரம் கிலோ கணக்குல போயிரும்.

கல்லாப்பெட்டி எழுதியது:

நான் கடைக்காரன். ஜங்சன்ல கடை. கொஞ்சம் கசப்பா சொன்னா கோவிச்சுக்கிடாதிய.

வாராவாரம் ஒருத்தரு கேமராவத் தூக்கிட்டு வாறாவ. 'அண்ணாச்சி அப்படியே தராசப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க, லைட்டு சூப்பரா இருக்கு'ங்காவ. நிக்கேன். பத்து நிமிசம் யாவாரம் நிக்கி. போகும்போது ஒரு தீப்பெட்டி வாங்க மாட்டாவ. தண்ணி பாட்டிலு இருக்கான்னு கேட்டு, கூலிங் இல்லன்னா வேண்டாம்னுட்டுப் போயிருவாவ. அந்தப் படம் எங்கயோ போயி லைக்கு வாங்கும், தலைப்பு என்ன தெரியுமா, 'மறையும் மனிதர்கள்'. எலே, நான் மறையலலே, இங்கனதான் நிக்கேன்.

எங்க ஏரியாவ எது அடிச்சிச்சுன்னு கேட்டா ஒண்ணா ரெண்டா. வெளியூர் பஸ்ஸெல்லாம் வேய்ந்தான்குளம் புது பஸ்ஸ்டாண்டுக்குப் போச்சு, அதுல பாதிக் கூட்டம் போச்சு. பொறவு 2018-ல உள்ள பஸ்ஸ்டாண்டையும் இடிச்சுப் போட்டுட்டு வருசக்கணக்கா கட்டுனாவ, அதுல மீதிக் கூட்டம் போச்சு. நடுவுல ஜிஎஸ்டி, கொரோனா, சொல்லவே வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல பெஞ்ச மழையில ஆத்துத் தண்ணி கடைக்குள்ள வந்து இடுப்பு வரைக்கும் நின்னுச்சு. சீனி மூட்ட கரைஞ்சு போச்சு, அரிசி ஊறி நாறிப் போச்சு, அதெல்லாம் கூட சரி. கீழ்த் தட்டுல இருந்த பற்று வரவு நோட்டு பூரா மை கரைஞ்சு நீலமா போயிட்டு. யாரு எவ்வளவு தரணும்னு எனக்கு மனசுல இருக்கு, ஆனா நோட்டு இல்லாம எப்படி கேக்க? செல பேரு தானா வந்து குடுத்தாவ. செல பேரு அதுக்குப் பொறவு கடைப் பக்கமே வரல, அந்தாக்ல போற பாதையையே மாத்திக்கிட்டாவ.

அந்த நோட்டு இன்னமும் என்கிட்ட இருக்கு. காய வச்சு எடுத்தேன், அலை அலையா நிக்கி தாளு. எதுக்கு வச்சிருக்கேன்னு எனக்கே தெரியல.

சரி, உம்ம கேள்விக்கு வாறேன். எதையாவது வரையுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அது யாருக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. எங்களுக்கா, பெங்களூர்ல உம்ம ஆபீஸ்காரவளுக்கா?

தேம்ஸ்கரைப் பாளையங்கோட்டை எழுதியது:

கல்லாப்பெட்டி அண்ணாச்சி கேட்ட கேள்விய இங்க லண்டன்லயும் கேக்காங்க, அதான் எழுதணும்னு தோணிச்சு. இங்கயும் தெருவுக்குத் தெரு முக்குக்கடை ஒண்ணொண்ணா போயிட்டு இருக்கு. லூசி ஸ்பாரோன்னு ஒரு ஆர்ட்டிஸ்ட், 2014-ல லண்டன் பெத்னல் கிரீன்ல காலியா கெடந்த ஒரு கடையப் புடிச்சு, உள்ள இருக்குற சாமான் அத்தனையையும் ஃபெல்ட் துணியில தைச்சு அடுக்கினாங்க. பீன்ஸ் டின், சிப்ஸ் பாக்கெட், சிகரெட்டு, நியூஸ்பேப்பர் எல்லாமே துணி, கிட்டத்தட்ட 4000 உருப்படி. சும்மா பாக்க வைக்கல, விலை போட்டு கல்லாவுல உக்காந்து வித்தாங்க. 2017-ல நியூயார்க்ல இதே மாதிரி 9000 பொருளோட இன்னொரு கடை போட்டாங்க, சொன்ன தேதிக்கு முன்னாடியே எல்லாம் வித்துத் தீந்து கடைய மூட வேண்டியதாப் போச்சு.

அதே நியூயார்க்ல ஜேம்ஸ் முர்ரே, கார்லா முர்ரேன்னு ஒரு புருசன் பொண்டாட்டி, தொண்ணூறுகள்ல இருந்தே சின்னச் சின்னக் கடைகளோட முகப்ப போட்டோ எடுத்துக்கிட்டே வர்றாங்க. எடுத்ததுல பாதிக்கு மேல கடை இப்ப இல்ல. 2018-ல ஒரு பார்க்ல மரத்துல சட்டம் அடிச்சு நாலு கடையோட படத்த கிட்டத்தட்ட ஆளுயரத்துக்கு நிறுத்தி வச்சாங்க. அவங்க செய்யுறதுல எனக்குப் புடிச்சது, ஓனரோட உக்காந்து பேசி, கதை கேட்டு, அதையும் சேத்துத்தான் போடுவாங்க.

கல்லாப்பெட்டி எழுதியது:

நெசக் கடையில கூட்டம் இல்லாம மூடுதாவ, துணிக் கடையில கூட்டம் தாங்காம மூடுதாவ. நல்லா இருக்குவே.

ஆனா அந்தம்மா கல்லாவுல உக்காந்து வித்தாவள்லா, அது எனக்குப் புடிச்சிருக்கு. 4000 சாமான் கையால தைக்கணும்னா ஒவ்வொரு சாமானையும் நம்மள மாதிரி தொட்டுப் பாத்திருப்பாவ.

உடுக்குச்சத்தம் எழுதியது:

படம் மட்டும்தான் கலையா? நம்ம பக்கத்துக் கலைன்னா வில்லுப்பாட்டு. கொத்தமங்கலம் சுப்பு காந்தி கதையவே வில்லுல பாடுனாரு, நம்ம பலசரக்குக் கடைக் கதையப் பாடக் கூடாதா? சாமி பொறந்த கதை பாடுற மாதிரி கடை பொறந்த கதை, முதல் கொள்முதல், கடன் குடுத்துக் கெட்ட கதை, எல்லாத்துக்கும் குடம் அடிச்சு பின்பாட்டுல 'ஆமா' போட ஆளு ரெடி. எழுதிக் குடுங்க, பாடுறது எங்க பாடு.

கரிசல்காலண்டர் எழுதியது:

இவ்வளவு பேரு பேசுதீங்க, கடைக்காரங்க வருசா வருசம் வீட்டு வீட்டுக்குக் கொண்டு சேத்த ஓவியத்த ஒருத்தரும் சொல்லலியே. காலண்டர்! நான் கோவில்பட்டிக்காரன், அந்தக் காலத்துல எங்க ஊரும் திருநெல்வேலி ஜில்லாதான். எங்க ஊர்லதான் கொண்டையராஜு இருந்தாரு, 1898-ல பொறந்து 1976-ல போனவரு. நாடகக் கம்பெனிக்கு சீன் படுதா வரைஞ்சுக்கிட்டு இருந்தவரு, கோவில்பட்டியிலயே தங்கி ஸ்டூடியோ வச்சு சாமி படம் வரைய ஆரம்பிச்சாரு. அவரும் அவரு சிஷ்யப் புள்ளைங்களும் வரைஞ்ச முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் சிவகாசியில அச்சாகி, கீழ ஏதோ ஒரு மளிகைக் கடைப் பேரோ ஜவுளிக்கடைப் பேரோ போட்டு, ஊரு பூரா சுவத்துல தொங்குச்சு. எத்தனையோ வீட்டுல வருசம் முடிஞ்சப்புறம் தேதித் தாளக் கிழிச்சிட்டு படத்த மட்டும் கண்ணாடி போட்டு சாமி ரூம்ல மாட்டிருக்காங்க, கீழ கடைப் பேரோட சேத்து. சாமிக்கு வெளக்கு ஏத்துற ஆளு அந்தக் கடைக்கும் சேத்துத்தான் ஏத்திருக்காங்க. இதுக்கு மேல ஒரு கடைக்கு என்ன கண்காட்சி வேணும்?

அதனால என் யோசனை இதுதான். பெரியப்பா கடைக்குக் கடைசியா ஒரு காலண்டர் போடுங்க. சாமி படத்துக்குப் பதிலா நீங்க கையால வரைஞ்ச கடைப் படம். தகரபோர்டு தம்பி அப்பா கை நடுங்காம இருந்தா அந்தப் பழைய 'ணை'யோட கடைப் பேர அவரே எழுதட்டும், அத அப்படியே அச்சுக்கு எடுத்துக்கிடலாம். தீவாளி யாவாரத்துல வர்ற வாடிக்கைக்காரங்களுக்குப் பெரியப்பா கையாலயே குடுக்கட்டும். அண்ணாச்சி கேட்டாரே, யாருக்குன்னு. இது கடைக்கு வர்றவங்களுக்கு. கண்காட்சிக்கு வாடகையும் மிச்சம்.

டைம் கரெக்டா இருக்கு. சிவகாசியில ஆடி 18-க்குப் புது காலண்டர் மாடல் ஆல்பம் போட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பிப்பாங்க. நூறு, இருநூறுன்னா பெரிய மிஷின்ல ஏத்த மாட்டாங்க, டிஜிட்டல்ல அடிச்சு அட்டையில ஒட்டி தேதிக் கட்டு தச்சுக் குடுப்பாங்க. படத்துக்குக் கீழ நாலு விரக்கடை எடம் விட்டு வரைங்க, அங்கதான் தேதிக் கட்டு உக்காரும், தெரியாதவங்க பாதத்துல கொண்டு போயி ராகு காலத்த ஒட்டிருவாங்க.

வாகையடிமுக்கு எழுதியது:

எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டினேன் பெரியப்பாட்ட. கல்லாப்பெட்டி அண்ணாச்சி எழுதுனத ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாரு. 'ஜங்சன்ல எந்தக் கடைன்னு கேளு, தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கும்'ங்காரு. அந்த நோட்டு விஷயத்துக்கு மட்டும் ஒண்ணும் சொல்லல, வெத்தலைய மடிச்சு வாயில போட்டுக்கிட்டாரு.

போர்ட ஏணி போட்டுப் பாத்தேன். 'காந்திமதி அம்மன் துணை', தும்பிக்கை வச்ச ணை! அதுக்கு நேர் கீழ ஜிஎஸ்டி நம்பர் ஸ்டிக்கர் கோணலா ஒட்டிருக்கு, அதையும் அப்படியே வரையப் போறேன்.

காலண்டர்னதும் பெரியப்பா முதல்ல வேண்டாம்னாரு. கடை இல்லாத வருசத்துக்குக் கடைப் பேருல காலண்டர் எதுக்குட்டி, சனம் தேடி வந்து பூட்டப் பாத்துட்டுப் போறதுக்கான்னு கேட்டாரு. நியாயமான கேள்வி, எனக்குப் பதில் தெரியல. பெரியம்மைதான் உள்ள இருந்து, 'நம்ம வீட்டு நம்பரப் போடுங்க, வசம்பு ஜாதிக்காய்னு கேட்டு வருதவளுக்கு நான் எடுத்துக் குடுக்கேன்'னு சொல்லிட்டா. புள்ள பெத்த வீட்டுக்காரங்க அந்தச் சாமானுக்கு வேற எங்க போவாங்கங்கா. அதுக்கப்புறம் இவரே கணக்குப் போட ஆரம்பிச்சிட்டாரு, மேலரத வீதிக்கு எத்தனை, பேட்டைக்கு எத்தனைன்னு. ஆனா ஒரு கண்டிஷன், படத்துல அவரு மூஞ்சி வரக் கூடாதாம். 'பாக்கி வச்சிருக்கவன் எவனும் என் மூஞ்சிய அவன் வீட்டுச் சுவத்துல மாட்ட மாட்டான், காலண்டர் வேஸ்டு'. அதனால கையி மட்டும், பொட்டலம் மடிக்கிற கை, மேல செரட்டையில இருந்து நூல் வர்ற மாதிரி. வெளக்கு வைக்கிற நேரம்.

வரையுறதுக்காகக் கடைய மூடித் திறந்து மூடித் திறந்து பாத்ததுல இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. எங்க கடைக்கு ஷட்டரே கிடையாது, நான் என்னத்த ஷட்டர்ல வரையப் போனேனோ. பலகைக் கதவு, மேலயும் கீழயும் காடியில ஒவ்வொண்ணா சொருகணும். உள்பக்கம் தாத்தா தமிழ் எண்ல நம்பர் போட்டிருக்காரு, ௧ ௨ ௩-ன்னு தார்ல எழுதுனது. ௭-ம் நம்பர் பலகை மட்டும் காணோம், அந்த எடத்துல பிளைவுட் இருக்கு. விசாரிச்சா பக்கத்து டீக்கடையில ரெண்டு பக்கமும் செங்கல் வச்சு பெஞ்சா கெடக்கு. திருப்பிப் பாத்தேன், அடியில ௭ இருக்கு. மாஸ்டர் தர மாட்டேன்னுட்டாரு, 'உக்காருத பலகையக் குடுத்துட்டா சனம் எங்க உக்காரும்'ங்காரு.

தகரபோர்டு அண்ணன், உங்க அப்பாவால எழுத முடியுமா? பிரஷ், பெயிண்டு எல்லாம் நான் வாங்கித் தாரேன்.

தகரபோர்டு எழுதியது:

கேட்டேன் தங்கச்சி. முதல்ல ஒரு தாளுல எழுதிப் பாத்துட்டுச் சொல்லுதேன்னாரு. ராத்திரி பூரா ஹால்ல லைட்டு எரிஞ்சுது. காலையில பாத்தா நியூஸ்பேப்பர் பூரா 'துணை துணை துணை'. செவ்வாக்கிழமை வருவாரு, புதுசு வாங்க வேண்டாம், அணில் முடி பிரஷ் பழசு வச்சிருக்காரு, மண்ணெண்ணெய்தான் கிடைக்க மாட்டேங்குது, டர்பன்டைன் மட்டும் வாங்கி வைங்க. கூலி பேசாதீங்க, கோவப்படுவாரு. வேணும்னா ஓரத்துல அவரு கையெழுத்து வர எடம் விடுங்க, அந்தக் காலத்துல போர்டு மூலையில போடுவாங்கள்லா, அது.

கல்லாப்பெட்டி எழுதியது:

எனக்கும் ஒரு காலண்டர் எடுத்து வைங்க, செவ்வாக்கிழம நானும் வாறேன், பெயிண்டர் அண்ணாச்சி எழுதுறதப் பாக்கணும். உம்ம பெரியப்பாட்ட சொல்லுங்க, வரும்போது அந்தச் சுக்கு நல்லதா இருந்தா கால் கிலோ போட்டு வைக்கச் சொல்லுங்க. காசு குடுத்துத்தான் வாங்குவேன்.